எந்த ஃபைல் எந்தக் கிளவுடில்? இருப்பிடப் பட்டியலைப் பூட்டி வைக்கும் முழு வழிகாட்டி

வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் கூகுள் டிரைவில் இருக்கிறது. கல்யாண ஆல்பம் இன்னொரு ஜிமெயிலில். அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் ஒன்டிரைவில், பிள்ளைகளின் சான்றிதழ்கள் டிஜிலாக்கரில். பழைய போனின் பேக்அப் எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இந்த நிலைமைக்கு வந்ததும் பெரும்பாலோர் ஒரு பட்டியல் போடத் தொடங்குகிறார்கள். பட்டியல் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட மெசேஜாகவோ கூகுள் ஷீட்டாகவோ வைத்தால், பட்டியல் இல்லாத நாளைவிட ஆபத்து கூடுகிறது. அதுவரை பத்து இடத்தில் சிதறிக் கிடந்ததை, திருட வருபவனுக்கு ஒரே தாளில் வரைபடமாகக் கொடுத்துவிடுகிறோம்.

இந்தப் பட்டியல் இரண்டு வேலை செய்ய வேண்டும்: வேறு எவர் கையிலும் திறக்கக் கூடாது, உங்கள் போன், லேப்டாப், சிம் மூன்றும் ஒரே நாளில் தொலைந்தாலும் உங்கள் கையில் திறக்க வேண்டும். முதலாவதைப் பலரும் யோசிக்கிறார்கள். இரண்டாவதில்தான் கவிழ்கிறார்கள். பட்டியலைத் திறக்கும் சாவி பட்டியலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளக் கூடாது. கீழே வரும் ஏற்பாடு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

பட்டியல் இருக்கக் கூடாத இடங்கள்

எக்செல் ஃபைலில் ‘புரொடெக்ட் ஷீட்’ போட்டு வைப்பது பூட்டே அல்ல. அது தவறுதலாகத் திருத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு மட்டும்தான். உள்ளே எழுத்துகள் அப்படியே படிக்கக் கிடைக்கும். ஒளித்துவைத்த ஷீட்டும் அப்படித்தான். ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ என்பது வேறு, அது உண்மையான குறியாக்கம்: பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பதை மாற்றிவிடும். ஆனாலும் அன்றாடம் திறந்து மூடும் பட்டியலுக்கு எக்செல் ஒத்துவராது. திறந்தது திறந்தபடி கிடக்கும், நகலெடுத்த பாஸ்வேர்டு கிளிப்போர்டிலேயே தங்கும்.

பிரவுசர் புக்மார்க்கும் வேண்டாம். ஒத்திசைவு வழியாக அலுவலகக் கணினி வரை அது போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் பூட்டியிருந்தால் போதாது, இடத்தின் பெயரும் பூட்டியிருக்க வேண்டும். 2022-இல், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் சேவை தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடு போயின. பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. ஆனால் எந்தெந்த இணையதளம் என்ற முகவரிகள் குறியாக்கம் இல்லாமல் இருந்தன என்று அந்நிறுவனமே அந்த டிசம்பரில் அறிவித்தது. யாருக்கு எங்கெங்கே கணக்கு என்று தெரிந்துகொண்டால், அந்தந்த நிறுவனத்தின் பெயரிலேயே போலி மெயில் அனுப்ப முடியும். இருப்பிடப் பட்டியலைப் பொறுத்தவரை முகவரிதான் ரகசியம்.

கருவி

பாஸ்வேர்டுகளையும் குறிப்புகளையும் பூட்டிய ஒரே ஃபைலில் வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டில் அதே ஃபைலைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம் அல்லது ஸ்ட்ராங்பாக்ஸ். எல்லாம் ஒரே ஃபைல். தலைப்பு, முகவரி, குறிப்பு, இணைப்பு ஃபைல் என உள்ளே உள்ள அனைத்தும் மொத்தமாகக் குறியாக்கம் ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எத்தனை பதிவு இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இதற்கென்று எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்ததும் புதிய டேட்டாபேஸ், அதாவது பூட்டிய பட்டியல் ஃபைல், உருவாக்கச் சொல்லுங்கள். வடிவம் கேடிபிஎக்ஸ் 4 என்றே வரும், மாற்ற வேண்டாம். திறக்க எடுக்கும் நேரத்தைக் கேட்கும் இடத்தில் 1 விநாடி என்றிருப்பதை அப்படியே விடலாம். இந்த ஒரு விநாடி உங்களுக்குப் பொருட்டல்ல. கோடிக்கணக்கில் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் அந்தச் சுமை விழும். பழைய, வேகம் குறைந்த போனில் அதே ஃபைலைத் திறப்பதாக இருந்தால் கூட்டாதீர்கள், போன் திணறும்.

‘கீ ஃபைல்’ என்று கூடுதல் பாதுகாப்பு ஒன்று உண்டு. பாஸ்வேர்டோடு ஒரு ஃபைலும் இருந்தால்தான் திறக்கும். குடும்பப் பட்டியலுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. காரணம், அந்த ஃபைலில் ஒரே ஒரு பைட் மாறினாலும் கதவு நிரந்தரமாக மூடிவிடும். சிலர் ஒரு போட்டோவையே கீ ஃபைலாக வைத்து, போன் மாற்றும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். கண்ணுக்கு அதே படம், கணினிக்கு வேறு ஃபைல்.

செட்டிங்ஸில் இரண்டை மட்டும் சரிபாருங்கள்: சில நிமிடம் தொடாமலிருந்தால் தானாகப் பூட்டிக்கொள்வது, நகலெடுத்த பாஸ்வேர்டைக் கிளிப்போர்டிலிருந்து சில விநாடிகளில் அழிப்பது.

மாஸ்டர் பாஸ்வேர்டு

பட்டியல் ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டு இது. எல்லாமே இதன் மேல் நிற்பதால் அவசரம் வேண்டாம். குறளின் முதலடி, சினிமாப் பாட்டின் பல்லவி, குலதெய்வத்தின் பெயரோடு பிறந்த வருடம் எதுவும் கூடாது. பலருக்கும் தெரிந்த வரி என்றால் அது உடைப்பவன் பட்டியலிலும் இருக்கும்.

தொடர்பே இல்லாத ஆறு சொற்கள் போதும். நீங்களாக யோசித்து எழுதினால் தொடர்பு வந்துவிடும், சீட்டுப் போட்டு எடுங்கள். 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டுகள், ஒரு தமிழ் அகராதி. ஒரு சீட்டை எடுத்து எண்ணைக் குறித்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். மூன்று முறை எடுத்தால் பக்க எண். அந்தப் பக்கம் அகராதியில் இல்லையென்றால் மறுபடி மூன்று. நான்காவது சீட்டு அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பதைச் சொல்லும். 0 வந்தால் பத்தாவது. அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டினால் போதாதா என்றால், போதாது. புரட்டும் கை எப்போதும் நடுப்பக்கங்களிலேயே விழும். 700 பக்க அகராதி என்றால் ஒரு சொல்லுக்கு 7,000 வாய்ப்பு. ஆறு சொல் சேரும்போது 1-க்குப் பின்னால் 23 பூஜ்யம் போட்ட எண்ணைத் தாண்டிவிடும். சொல் பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். பிடித்ததைத் தேர்ந்தால் சீட்டுப் போட்டதற்கே பொருளில்லை.

அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டாகத் தட்டலாமா? வேண்டாம். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே யூனிகோட் குறியாகவும் பதிவாகும்; கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் பதிவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எது பதிவாகிறது என்பது நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகையைப் பொறுத்தது. ‘ஔ’ எழுத்தில் இன்னொரு சிக்கல், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவோம். வீட்டு லேப்டாப்பில் திறந்த பெட்டகம் போனில் ‘தவறான பாஸ்வேர்டு’ என்று சொல்ல இது போதும். அவசரத்தில் இன்னொருவர் கணினியில் திறக்கும்போது தமிழ் விசைப்பலகையே இருக்காது என்பது வேறு.

ஆகவே ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக, சொற்களுக்கு நடுவே ஒரு ஹைஃபன். ழகரத்துக்கு இசட்-எச் போட்டீர்களா எல் போட்டீர்களா, ‘த’வுக்கு டி மட்டுமா டி-எச்சா என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து மறந்துபோகும். தட்டிய அதே வடிவத்தில் ஒரு தாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். இந்தத் தாளைப் பற்றிப் பிறகு பார்ப்போம். போட்டோ எடுக்காதீர்கள், அது தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும்.

மறந்துபோன கணக்குகளைத் தேடுதல்

நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும். மெயில் பெட்டியில் ‘வெல்கம்’, ‘வெரிஃபை’, ‘ஸ்டோரேஜ்’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளைப் பாருங்கள். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோரில் உள்ள சந்தாப் பட்டியல், யூபிஐ ஆப்பில் உள்ள ஆட்டோபே அனுமதிகள், ஒரு முழு வருடத்துக்கான கார்டு ஸ்டேட்மென்ட் இவை மூன்றும் காசு போகும் கணக்குகளைக் காட்டிக்கொடுக்கும். ஆண்டுச் சந்தா வருடத்துக்கு ஒரு முறைதான் தலைகாட்டும் என்பதால் மூன்று மாத ஸ்டேட்மென்ட் போதாது. கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் எந்தெந்த வெளி ஆப்புகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் உண்டு, அதில் மறந்தே போன பெயர்கள் வரும்.

பழைய போன் கம்பெனிகளின் கிளவுடையும் விடாதீர்கள். சாம்சங் கிளவுடின் கேலரி ஒத்திசைவு 2021-இல் நிறுத்தப்பட்டது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் இடம் இன்றும் இருக்கிறதா என்பதைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒரு பதிவை எப்படி எழுதுவது

ஒரு கணக்குக்கு ஒரு பதிவு. நிரப்பிய பதிவு ஒன்று இப்படி இருக்கும்:

தலைப்பு: கூகுள் 2, வீட்டுப் பத்திரங்கள்
பயனர்பெயர்: முழு மெயில் முகவரி
உள்ளே என்ன: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, 2014 முதல் வரி ரசீதுகள். ‘வீடு’ ஃபோல்டர்
கூடுதல் பூட்டு: கிரிப்டோமேட்டர் பெட்டகம், மீட்புச் சாவி இதே பதிவில் மறைத்த புலத்தில்
இரண்டாம் படி: ஆதன்டிகேட்டர் ஆப், அடுத்தபடியாக 98-இல் தொடங்கும் பழைய எண்
மீட்பு மெயில்: கூகுள் 1
யாருக்குப் பகிர்வு: தங்கைக்குப் பார்க்க மட்டும்
வேறு பிரதி: கறுப்பு ஹார்ட் டிஸ்க், மேல் அலமாரி
கடைசியாகத் திறந்து பார்த்தது: 2025 ஜனவரி

கிரிப்டோமேட்டர் என்பது கிளவுடில் ஏற்றும் முன்பே ஃபைல்களைப் பூட்டும் மென்பொருள். ‘இரண்டாம் படி’ என்பது பாஸ்வேர்டுக்குப் பின் கேட்கும் கூடுதல் சரிபார்ப்பு. ஆதன்டிகேட்டர் ஆப் அதற்கான குறியீட்டைப் போனிலேயே காட்டும். பாஸ்வேர்டைவிட ‘இரண்டாம் படி’, ‘மீட்பு மெயில்’ என்ற இரண்டு வரிகள்தான் பின்னால் காப்பாற்றும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பி வந்தவர்களுக்கு இது தெரியும்: பாஸ்வேர்டு சரி, ஆனால் ஓடிபி அங்கே விட்டுவந்த எண்ணுக்குப் போகிறது. இந்தியாவிலும் ரத்தான எண்ணை 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்க விதி இடம் தருகிறது. அந்த எண் மீட்பு எண்ணாக இருக்கும் கணக்கு அந்நியரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். எந்த எண் எந்தக் கணக்கில் என்று எழுதி வைத்திருந்தால், சிம்மை விடும் முன்பே கீபாஸ்எக்ஸ்சியில் அந்த எண்ணைத் தேடி, வரும் கணக்குகளில் எல்லாம் மாற்றிவிடலாம்.

டிஜிலாக்கருக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ வேறு, நீங்களே ஏற்றிய ஸ்கேன்கள் வேறு. முதல் வகை வழங்கிய துறையிடமிருந்தே வருகிறது, 2016 விதிகளின்படி மூல ஆவணத்துக்கு நிகர். இரண்டாவது வெறும் படம்தான். அதற்கு வேறு இடத்திலும் பிரதி வேண்டும். எது எந்த வகை என்று பதிவில் எழுதுங்கள்.

சந்தா முடியும் தேதியைக் காலாவதிப் புலத்தில் ஒரு மாதம் முன்னதாகவே போடுங்கள். தேதி கடந்ததும் பதிவு தனி அடையாளத்தோடு நிற்கும். இலவசக் கணக்குக்கும் தேதி போடலாம்: கூகுளும் மைக்ரோசாஃப்டும் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று வைத்திருக்கின்றன.

ஆவணங்களையே இந்தப் பட்டியலில் இணைக்காதீர்கள். ஃபைல் பெருத்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முழுவதும் மறுபடி ஏற வேண்டும். மீட்புச் சாவி போன்ற சின்னஞ்சிறு உரைகள் மட்டும் போதும்.

ஷேர் லிங்க்குகள்

‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்ந்த லிங்க் முகவரி மட்டுமல்ல, அதுவே சாவி. மெகா போன்ற கிளவுட் சேமிப்புச் சேவைகளில் லிங்க்கில் # குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் குறியாக்கத்தின் சாவியேதான். அதனால் இப்படிப்பட்ட லிங்க்கை வெளிப்படையாகத் தெரியும் யூஆர்எல் புலத்தில் போடாமல், ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ஒரு புலம் சேர்த்து ‘புரொடெக்ட்’ செய்து வையுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பட்டியலைத் திறந்தாலும் கண்ணில் படாது. யூஆர்எல் புலத்தில் சேவையின் முகப்பு முகவரி போதும்.

யாருக்கு, எதற்காக, எதுவரை என்று ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு வரி. வங்கிக் கடனுக்காக ஏஜென்ட்டிடம் கொடுத்த லிங்க் கடன் முடிந்து மூன்று வருடம் கழித்தும் திறந்தபடி இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

பிரதிகளும் அந்தத் தாளும்

இப்போது வட்டத்தைப் பாருங்கள். பட்டியல் கூகுள் டிரைவில். கூகுளின் பாஸ்வேர்டு பட்டியலில். கூகுளின் இரண்டாம் படி போனில். போன் பஸ்ஸில் போய்விட்டது. ஒவ்வொரு பூட்டும் சரியாக வேலை செய்கிறது, நீங்கள் மட்டும் வெளியே நிற்கிறீர்கள்.

இதை உடைக்க எந்தக் கணக்கிலும் நுழையாமல் கையில் எடுக்கக்கூடிய ஒரு பிரதி வேண்டும். பட்டியல் ஃபைல் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் போகாது என்பதால் நான்கு இடத்தில் வைப்பதில் சிரமமில்லை: அன்றாடக் கணினி, ஒரு கிளவுட், வீட்டில் ஒரு பென் டிரைவ், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் கீபாஸ்எக்ஸ்சி நிறுவும் ஃபைலையும் சேர்த்துப் போடுங்கள். வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடக்கும் பென் டிரைவை நம்ப முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக எழுத வேண்டும்.

தாளில் இரண்டே விஷயம்: மாஸ்டர் பாஸ்வேர்டு, உங்கள் முதன்மை மெயிலின் பேக்அப் குறியீடுகள். போன் கையில் இல்லாதபோது இரண்டாம் படியில் தட்டுவதற்கானவை இவை. கூகுள் பத்துக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்று ஒரு முறைக்குத்தான். முதன்மை மெயிலின் குறியீடுகளைப் பட்டியலுக்குள் வைக்காதீர்கள். வைத்தால் பாஸ்வேர்டும் இரண்டாம் படியும் ஒரே பூட்டுக்குப் பின்னால் வந்துவிடும். மற்றச் சின்னக் கணக்குகளின் குறியீடுகள் உள்ளே இருக்கலாம், அது ஏற்கத்தக்க சமரசம்.

தாள் ஒரு இடம், பென் டிரைவ் வேறு இடம். தாள் மட்டும் கிடைத்தவனிடம் பட்டியலும் இல்லை, மெயில் பாஸ்வேர்டும் இல்லை. பென் டிரைவ் மட்டும் கிடைத்தவனிடம் திறக்க முடியாத ஃபைல். பீரோவில் ஒரு தாள், பேங்க் லாக்கரில் இன்னொரு தாள் என்று வைத்தால் தீ, வெள்ளம் இரண்டுக்கும் தாங்கும். கையால் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் நீங்கள் அனுப்பிய ஃபைல் அந்தக் கடைக் கணினியிலும் அவர்கள் வாட்ஸ்அப்பிலும் தங்கிவிடும்.

போன், லேப்டாப் இரண்டிலும் ஒரே நேரத்தில் திருத்தினால் கிளவுட் இரண்டு ஃபைலாகப் பிரித்து வைக்கும். ஒன்றை அழித்துவிடாதீர்கள். கீபாஸ்எக்ஸ்சியில் டேட்டாபேஸ் மெனுவில் ‘மெர்ஜ்’ இருக்கிறது. ஒன்றைத் திறந்து மற்றதை அதில் சேர்த்தால், ஒவ்வொரு பதிவிலும் பிந்தித் திருத்தியதை எடுத்துக்கொள்ளும், பழையது வரலாற்றில் தங்கும். கணினியில் மட்டும் திருத்துவது, போனில் பார்க்க மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

ஒத்திகை

ஏற்பாடு முடிந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களுடையதல்லாத, ஆனால் நம்பகமான வீட்டுக் கணினி ஒன்று, தாள், பென் டிரைவ். போனை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு, பட்டியலைத் திறந்து, முதன்மை மெயிலுக்குள் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) நுழைந்து, ஒரு பத்திரத்தின் ஸ்கேனைத் திறந்து பாருங்கள். பயன்படுத்திய குறியீட்டைத் தாளில் அடித்துவிடுங்கள். முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து வெளியேறி, ஃபைல் எதுவும் அங்கே தங்கவில்லை என்று பாருங்கள். முதல் ஒத்திகையில் ஏதாவது ஒரு இடத்தில் நிற்கும். ஒன்றை ஏழென்று படித்திருப்பீர்கள், ஓடிபி எதிர்பாராத எண்ணுக்குப் போயிருக்கும். இன்று நின்றால் திருத்தலாம்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம். ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து, எந்தெந்தச் சாதனம் உள்ளே இருக்கிறது, எந்த லிங்க் திறந்திருக்கிறது என்று பார்த்து, தேதியை மாற்றுங்கள். நுழைவதே கணக்கை உயிரோடு வைக்கும். கடைசியில் பென் டிரைவுக்குப் புதிய பிரதி.

பட்டியல் கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால்

மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. திருடியவன் கையில் இருப்பது பழைய பிரதி, அது பழைய பாஸ்வேர்டிலேயே திறக்கும். கிளவுடும் பழைய வடிவங்களைச் சில காலம் வைத்திருக்கும், கூகுள் டிரைவில் வழக்கமாக 30 நாள் வரை. பலவீனமான பாஸ்வேர்டில் தொடங்கிப் பிறகு பலப்படுத்தியவர்கள், கிளவுடில் உள்ள ஃபைலை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்து புதிதாக ஏற்றுவது நல்லது.

எனவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணக்கையும் மாற்ற வேண்டும், வரிசை முக்கியம். முதலில் முதன்மை மெயில்: புதிய பாஸ்வேர்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், புதிய பேக்அப் குறியீடுகள். மற்றக் கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ மெயில் அங்கேதான் வரும். அடுத்து, கூடுதல் பூட்டு இல்லாத சேமிப்பிடங்கள். பிறகு எல்லா ஷேர் லிங்க்குகளையும் ரத்து செய்து புதிதாக எடுங்கள். கிரிப்டோமேட்டர் பெட்டகத்தின் மீட்புச் சாவி பட்டியலில் இருந்திருந்தால் அதன் பாஸ்வேர்டை மாற்றினாலும் பயனில்லை. புதிய பெட்டகம் உருவாக்கி ஃபைல்களை அதற்கு மாற்றிப் பழையதை அழிக்க வேண்டும்.

உங்களுக்குப் பின்

தாள் எங்கே, பென் டிரைவ் எங்கே என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லை, இடத்தைச் சொன்னால் போதும். இதோடு கூகுளின் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள்: 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் தொடவில்லையென்றால், நீங்கள் குறித்த பத்துப் பேர் வரை தகவல் போகும், அனுமதித்த தரவுகளை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஐபோன்காரர்களுக்கு ‘லெகசி கான்டாக்ட்’ உண்டு. அதில் குறித்தவர் அணுகல் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் ஆப்பிளிடம் தர வேண்டியிருக்கும். அந்தச் சாவியை அச்செடுக்க வேண்டாம், கையால் எழுதுவதும் சிரமம். குறித்தவருக்கு மெசேஜிலேயே அனுப்பலாம், அவருடைய ஆப்பிள் கணக்கில் அது தங்கிவிடும். இரண்டையும் செய்த தேதியை அந்தந்தப் பதிவில் எழுதுங்கள். குறித்தவரின் போன் எண் மாறும்போது அங்கேயும் மாற்ற வேண்டும்.